தொண்ணூற்றாறில் போன மாதா

ட்ராமில் மாதாவைக் கொண்டு போகலாமா, கூடாதா என்பதற்கு எமில்டா அன்ரி சட்டம் ஒன்றும் வைத்திருக்கவில்லை. காருக்குத்தான் சட்டம் இருந்தது. மாதா முன் சீற்றில் இருக்க வேண்டும். முன்னுக்குப் பார்த்தபடி இருக்க வேண்டும். பெல்ற் போட வேண்டும். நிலத்தில் வைக்கவே கூடாது. மடியிலும் வைக்கக் கூடாது. அவ தாய், கைப்பிள்ளை இல்லை.

ஒக்டோபர் செபமாலை மாதம். மெல்பேர்ணில், டார்னெய்ட்டிலும் மற்றப் பக்கங்களிலும் இருக்கிற மன்னார்ச் சனம் முப்பத்தொரு வீடுகளைச் சேர்த்து, மடு மாதாவின் சுருவமான சிறு சிலையை ஒரு நாளைக்கு ஒரு வீடாகக் கொண்டு போவார்கள். எந்த நாள் எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். நேற்று மாதா இருந்த வீட்டுக்காரர்தான் இன்றைக்கு அவவை அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாங்குகிற வீட்டுக்காரர் தாங்களாகப் போய்த் தூக்கி வரக் கூடாது. போய் எடுத்துவர அவ என்ன கடைச் சாமானா என்பார் எமில்டா அன்ரி. இதையெல்லாம் அவர் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். கொப்பியை மீறி எவரும் ஒன்றும் செய்வதில்லை.

இந்த வருடம் பதினேழாம் நாள் நொயலுக்கு விழுந்தது. பதினெட்டாம் நாளுக்குச் சீட்டை எடுத்த அன்ரி, பெயரை வாசிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆர் அன்ரி?" என்று யாரோ கேட்டார்கள்.

"மேரிறோஸ்," என்றார்.

 எல்லோரும் நொயலைப் பார்த்தார்கள்.

நொயலுக்கு ஐம்பத்திரண்டு வயது. கொங்கிறீற் வேலை. பதினொரு வருடமாக மேற்கு மெல்பேர்ணில் எழும்புகிற புது வீடுகளுக்கு நிலம் போடுகிறவன். முழங்காலில் நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. மேரிறோஸ் ஒரு காலத்தில் அவனுடைய சின்னையா மகன் அனோஜின் மனைவியாக இருந்தவள். ஐந்து வருடத்துக்கு முன் அனோஜை விட்டுவிட்டுப் போனாள். ஏன் போனாள் என்பது அனோஜின் போத்தல்களைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் போனவள் பேசாமல் இருக்காமல் வரதராஜா என்ற யாழ்ப்பாணத்துச் சைவக்காரரைப் பதிவுத் திருமணம் செய்து, செயின்ட் கில்டாவில், கடற்கரைப் பக்கம் ஒரு ஃபிளட்டில் இருந்தாள். அதைத்தான் சனத்தால் விழுங்க முடியவில்லை.

அவளுடைய பெயர் சீட்டில் விழுவது இது மூன்றாவது முறை. முதல் முறை விழுந்தபோது, "அங்க கொண்டு போகேலாது, கார் விட இடமே இல்லை," என்று சொன்னவன் நொயல்தான். அவன் அந்த ஃபிளட்டுப் பக்கம் போனதே கிடையாது. தம்பி முறைக்காரனுக்காகச் சொன்னான். சனம் அதைப் பிடித்துக்கொண்டது. "ஓம் ஓம், பாக்கிங் இல்லாத இடம்," என்று மாதா அந்த வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டா. இரண்டாம் முறையும் அதே கதைதான். அப்போது மேரிறோஸ் கூட்டத்துக்கு நேரே வந்து, "பாக்கிங் இல்லையெண்டால் ட்ராமில கொண்டு வாங்கோவன். வாசலுக்குப் பக்கத்தில நிக்கும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப நானே வந்து தூக்கிக்கொண்டு போறன்," என்றாள். அன்ரி கொப்பியைத் திறந்து காட்டினார். அவள் எழும்பிப் போய்விட்டாள்.

இந்த முறை நொயலின் கார் வியாழக்கிழமை கராஜுக்குப் போய்விட்டது. கியர்பொக்ஸ். பொய்யில்லை, கராஜ்காரன் தந்த துண்டும் கையில் இருந்தது.

சனிக்கிழமை எமில்டா அன்ரி போனில் சொன்னார்: "கார் இல்லாட்டி நீ என்ன செய்யிறது? நாளையிண்டைக்கு உள்ள வீட்டுக்கு நேர போகட்டும். ஆரும் குறை சொல்லமாட்டினம்."

நொயலுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. மறுநாள், முதியோர் இல்லத்தில் ஞாயிறு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மனைவி ரஞ்சினிதான் சப்பாத்தைப் போட்டபடி சொன்னாள்: "முதல் முறை பாக்கிங். ரெண்டாம் முறை பாக்கிங். இப்ப கியர்பொக்ஸ். அந்த மனிசி நம்பும் எண்டு நினைக்கிறியளோ?"

"இது உண்மையப்பா."

"உண்மைதான். ஆர் நம்புவினம்?"

அவள் போய்விட்டாள். நொயல் கராஜ் துண்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு குளித்து, வெள்ளைச் சேட் போட்டு, மாதாவை முகமும் கிரீட முடியும் மட்டும் தெரிய வெள்ளைத் துணியால் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தான். போகிற வழியில் மேரிறோஸுக்குப் போன் பண்ணி, "பிள்ளை, மாதாவக் கொண்டு வாறன். ட்ராமில," என்றான்.  "ஆறு மணிக்குச் செபமாலை அண்ண," என்று மட்டும் சொன்னாள். அனோஜோடு இருந்த காலத்தில் அத்தான் என்று கூப்பிட்டவள். பிறகு அண்ண ஆக்கிவிட்டாள்.

டார்னெய்ட்டிலிருந்து சதர்ன் கிறொஸ் வரை ரெயினில் கரைச்சல் ஒன்றும் இல்லை. முன்னுக்குப் பார்த்த சீற் கிடைத்தது. வெளியே வந்து செயின்ட் கில்டா போகிற தொண்ணூற்றாறாம் நம்பர் ட்ராமுக்கு நின்றான்; அங்கே இறங்கிப் பதினாறுக்கு மாற வேண்டும். பதினொரு வருடத்தில் அவன் ட்ராம் ஏறியது நாலைந்து தரம் இருக்கும். வேலைக்குப் போவது முதலாளியின் யூட் வண்டியில், கடைக்குப் போவது காரில். ட்ராம் நகரத்துக்காரர்களின் சாமான்.

ட்ராம் வந்தபோது பழக்கத்தில் அதன் நம்பரைப் பார்த்தான். கொங்கிறீற் லொறி வந்து நின்றால் முதலில் நம்பரைப் பார்த்து வைக்க வேண்டும். ஊற்றிய பிறகு பிழை வந்தால் எந்த லொறி என்று கேட்பார்கள். முன்பக்கத்தில் ஆறாயிரத்து நாற்பத்தொன்று என்று இருந்தது.

அந்த வருடத்தின் முதல் வெயில் நாள் அது. துவாயும் குடையும் ஐஸ் பெட்டியுமாகச் சனம் கடற்கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சீற்றுகளில் பாதி முன்னுக்கும் பாதி பின்னுக்கும் பார்த்தன. நொயல் முன்னுக்குப் பார்த்த ஒரு யன்னல் சீற்றைப் பிடித்து மாதாவை அதில் இருத்தினான். துணியின் தலைப்பால் சீற்றோடு ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தான். தான் எங்கே இருப்பது? பக்கத்துச் சீற்றில் இருந்தால் சரிசமமாக இருப்பது போலாகும். முன்னால் இருந்தால் முதுகு காட்டவேண்டி வரும். இரண்டு சீற் தள்ளிப் பின்னால், கதவுக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கிருந்து முடியின் நுனி தெரிந்தது. அது போதும் என்று நினைத்தான்.

ட்ராம் தெற்கு மெல்பேர்ணைத் தாண்டி, அல்பர்ட் பார்க் தாண்டி, ஃபிட்ஸ்ரோய் வீதிக்குள் திரும்பியது. அடுத்த நிறுத்தத்தில் ஒரு கிழவர் தனியே ஒரு பெரிய ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கப் பார்த்தார். பெட்டியின் ஒரு பக்கம் கதவில் இடித்தது. பாரம் தூக்குகிறவனைக் கண்டால் மறு பக்கத்தைப் பிடிக்காமல் நொயலால் நிற்க முடியாது. கை தானாகப் போகும். அவன் கைப்பிடியைப் பிடித்தான். கிழவர் பின்னுக்கு நடந்தார். இருவருமாகப் பெட்டியை வெளியே கொண்டுவந்து மேடையில் வைத்தார்கள். கிழவர் நன்றி சொல்லிக் கை தந்தார். நொயலும் கை கொடுத்தான்.

திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது.

அவன் கண்ணாடியில் அடித்தான். ட்ராம் நகர்ந்தது. உள்ளே நின்ற ஒரு பெட்டை கையைக் காட்டிச் சிரித்தாள். அவன் போய்வரச் சொல்கிறான் என்று நினைத்திருப்பாள். யன்னலோடு மாதா முன்னுக்குப் பார்த்தபடி போனா.

முழங்கால் இரண்டும் ஓடுகிற முழங்கால் இல்லை. இருந்தும் நூறு யார் தூரம் ஓடினான். பிறகு நின்று, வீதியோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அக்லண்ட் வீதியில் இந்த ட்ராம் முடிகிறது என்று அவனுக்குத் தெரியும். முடிந்தால் நிற்கும்தானே. அடுத்த தொண்ணூற்றாறு வந்ததும் ஏறினான். இந்த முறை சாரதிக்குப் பின்னால் போய் நின்றான்.

ட்ராம் கடலோர வீதிக்கு வந்தது. வலப் பக்கம் பனை மாதிரி மரங்கள், அதற்கப்பால் கடல், கடலில் ஆட்கள். லூனா பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவின் வாசலான பெரிய வாய் தூரத்தில் தெரிந்தபோது எதிரே ஒரு ட்ராம் வந்தது. நம்பரைப் பார்த்தான். ஆறாயிரத்து நாற்பத்தொன்று.

ட்ராமுக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. கடைசி நிறுத்தத்தில் சாரதி இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு நடந்துபோய் ஓட்டத் தொடங்குவார். ட்ராம் திரும்பாது, சீற்றும் திரும்பாது. ஆகவே மாதா இப்போது பின்னுக்குப் பார்த்தபடி நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தா. இரண்டு ட்ராமும் உரசுகிற மாதிரி விலகியபோது திரும்பிப் பார்த்த அவனுக்கு அவவின் முகம் நேரே தெரிந்தது. உள்ளே சனம் நெரிந்து நின்றது. ஆனால் அந்தச் சீற்றிலிருந்து அவவைத் தூக்கி வைத்துவிட்டு ஒருவரும் இருக்கவில்லை.

நொயல் மணியை அடித்து லூனா பார்க்கில் இறங்கினான். நேரம் நாலரை.

எமில்டா அன்ரிக்குப் போன் பண்ணலாம். பண்ணினால் கால் மணித்தியாலத்தில் முப்பத்தொரு வீட்டுக்கும் தெரிந்துவிடும். அவர் கோபிக்கவும் மாட்டார். "பார்த்தியளே, அந்த வீட்டுக்குப் போக மாதாவுக்கே விருப்பமில்லை," என்பார். அந்தக் கதை ஒரு வருடத்துக்கு நிற்கும். மேரிறோஸ் அதோடு செபமாலையை மறந்துவிட வேண்டியதுதான். போன் பண்ணாமல் இன்னொரு ட்ராமைப் பிடித்து அதைத் துரத்திக்கொண்டு போகலாம். நகரத்தின் மறு கோடி வரை அது போகும். ஆறு மணிக்கு வாசலில் மெழுகுதிரியோடு நிற்கிறவள், எட்டு மணி வரைக்கும் நிற்பாள்.

மூன்றாவது வழியும் ஒன்று இருந்தது: மேரிறோஸ். சொல்லக் கூடாத ஆள். நொயல் அவளுக்கே போன் பண்ணினான்.

"எங்க நிக்கிறியள் அண்ண?"

"லூனா பார்க்கில. பிள்ளை… மாதாவ ட்ராமில விட்டிட்டன்."

பின்னால் தாச்சியில் ஏதோ பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"விட்டிட்டியளோ?"

"ஒரு பெட்டி இறக்கிக் குடுத்தனான். கதவு பூட்டீட்டுது."

"மாதா எங்க இருந்தவ?"

"சீற்றில."

"நீங்கள்?"

"பின்னால நிண்டனான்."

"மடியில வைச்சிருக்கலாம்தானே?"

"மடியில வைக்கேலாதெல்லோ…"

அவள் மூச்சு விடுவது கேட்டது. "அண்ண, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. உண்மையாவே ட்ராமில விட்டனீங்களோ? இல்லாட்டி இண்டைக்கும் கொண்டரேல்லை எண்டதை இப்பிடிச் சொல்லுறியளோ?"

"மாதா மேல ஆணை, பிள்ளை."

"ஆணை போடவும் மாதா இல்லையே உங்களிட்ட."

நொயல் வெயிலில் நின்றான். அவனைச் சுற்றிச் சனம் ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு போனது. கடைசியில், "நம்பர் தெரியும்," என்றான். "ஆறாயிரத்து நாப்பத்தொண்டு."

"என்ன நம்பர்?"

"அந்த ட்ராமின்ர நம்பர். முன்னால எழுதியிருந்தது."

மேரிறோஸின் குரல் மாறிவிட்டது. "அதை முதல் சொல்லியிருக்கலாமே! பொறுங்கோ." அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஹொட்டல்களுக்குத் துணி வெளுக்கிற இடத்தில் வேலை; விடிய ஒரு ட்ராம், பின்னேரம் ஒரு ட்ராம், சனிக்கிழமை சந்தைக்கு ஒரு ட்ராம். நம்பரைப் போட்டால் ட்ராம் எங்கே நிற்கிறது என்று காட்டுகிற ஒன்று அவள் போனில் இருந்தது. "அல்பர்ட் பார்க்கில போகுது. நான் இப்ப பலக்லாவா ஸ்டேசனில ரெயின் எடுத்தால், அது பேர்க் வீதிக்கு ஏற முதல் போய் நிப்பன்."

"நான் போறன் பிள்ளை. நான் விட்டது."

"நீங்கள் எப்பிடிப் பிடிப்பியள்? ட்ராமுக்குப் பின்னால ட்ராமில போனால் கடைசி மட்டும் பின்னாலதான் போவியள். நீங்கள் பதினாறாம் நம்பரை எடுத்து வீட்ட போங்கோ. சனம் வந்தால் கதவு திறக்கிறதுக்கு எங்கட சனத்தில ஒராள் வேணும். இவர் தனிய நிண்டால் எமில்டா அன்ரி படியாலேயே திரும்பிப் போயிடுவா."

நொயல் பதினாறை எடுத்தான். கார்லைல் வீதியில் அவள் சொன்ன நிறுத்தத்தில் இறங்கினான். வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் என்று அவள் சொன்னது பொய்யில்லை. நாற்பது அடி இருக்கும். இரண்டாம் மாடி, லிஃப்ற் இல்லை.

வரதராஜா கதவைத் திறந்தார். அறுபதை நெருங்கிய மெலிந்த மனிதர். நெற்றியில் திருநீறு அழித்த அடையாளம். கை முழுக்க மா. இரண்டு பேரும் முன்பு ஒரு கல்யாண வீட்டில் ஒரே மேசையில் இருந்தவர்கள். அன்றைக்கு நொயல் எழும்பி வேறு மேசைக்குப் போனான்.

"வாங்கோ. இவ சொல்லீட்டுப் போனவ," என்றார். "பற்றிஸ் பொரிச்சுக்கொண்டு நிக்கிறன், கதிரையில இருங்கோ."

நொயல் இருக்கவில்லை. மாதாவுக்கு மேசை தயாராக இருந்தது. வெள்ளை விரிப்பு, றோசாப்பூ, இரண்டு மெழுகுதிரி.

"தம்பி, மெழுகுதிரி ரெண்டும் ஒரு பக்கமோ, ரெண்டு பக்கமோ? இவ அவசரத்தில சொல்லேல்லை."

"ரெண்டு பக்கம்."

"எங்கட ஆக்களின்ர குத்துவிளக்கு எண்டால் எனக்குத் தெரியும். இதில பிழை விட்டால் உங்கட அன்ரி கொப்பியில எழுதிப் போடுவா."

நொயலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஒரு மெழுகுதிரியை மறு பக்கம் நகர்த்தினான். குசினி யன்னலால் பின்வளவு தெரிந்தது. அங்கே கோடு கீறிக் கார் நிறுத்துகிற இடங்கள். எல்லாவற்றிலும் கார் நின்றது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றின் நடுவில் வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை ஒன்று தனியே நின்றது.

"அதென்ன கதிரை?"

வரதராஜா தாச்சியைப் பார்த்தபடியே சொன்னார்: "அது எங்கட பாக்கிங். எங்களிட்டக் கார் இல்லைத்தானே, சும்மா கிடக்கும். மாதா காரில வருவா எண்டு காலமை கூட்டிப்போட்டு, மேல் வீட்டுக்காரன் விட்டிடுவான் எண்டு கதிரை வைச்சனான். பிறகுதான் நீங்கள் ட்ராமில வாறதெண்டு இவ சொன்னவ. எடுக்க மறந்துபோனன்."

"போன வருசமும் இருந்ததோ இந்த இடம்?"

"ஃபிளட்டோட வந்த இடம். முதல் வருசமும் கூட்டினனான், போன வருசமும் கூட்டினனான்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. எண்ணெயில் ஒரு பற்றிஸைத் திருப்பிப் போட்டார். நொயல் யன்னலடியில் நின்று அந்தச் சதுரத்தைப் பார்த்தான். கொங்கிறீற் நன்றாகப் போட்டிருந்தது. வெடிப்பு இல்லை. அவன் போட்டிருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பான்.

ஐந்து மணி தாண்டி மேரிறோஸ் போன் பண்ணினாள். மூச்சு இரைத்தது. "பிடிச்சிட்டன். ஸ்பென்சர் வீதி நெரிசலில நிண்டு நிண்டு வந்தது. மாதா இருந்த இடத்திலயே இருக்கிறா. ஒரு இத்தாலி மனிசி பக்கத்தில இருந்து, திரும்பிற இடமெல்லாம் விழாமல் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கு. என்னைக் கண்டதும் ஏசிச்சுது."

"என்னெண்டு ஏசினது?"

"ஆர் தனிய விட்டதெண்டு. நான் எண்டு நினைச்சிட்டுது." கொஞ்சம் நிறுத்தினாள். "அண்ண, ரெயினில வந்தால் பலக்லாவாவில செபமாலைக்கு வாற எங்கட சனத்தோட இறங்கவேண்டி வரும். நான் மாதாவோட நிக்கிறதை அவை கண்டால் முடிஞ்சுது. நான் பதினாறில வாறன், பிந்தும். நீங்கள் நிறுத்தத்துக்கு வந்து நில்லுங்கோ."

அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று நொயலுக்கு விளங்கியது. வீட்டுக்காரி தானே போய்த் தூக்கி வந்த மாதாவை எமில்டா அன்ரி கணக்கில் எடுக்க மாட்டார். மூன்றாம் வருடமும் மாதா அந்த வீட்டுக்கு வரவில்லை என்றுதான் கொப்பியில் இருக்கும்.

ஐந்தே முக்காலுக்குச் சனம் வந்தது. ரஞ்சினி வேலை உடுப்போடு வந்தாள். எமில்டா அன்ரி படியேறிய களைப்போடு கதிரையில் இருந்து வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மேரிறோஸையும் காணேல்லை, மாதாவையும் காணேல்லை. நீ மட்டும் நிக்கிறாய்?"

"அவ பின்னுக்கு நிக்கிறா அன்ரி," என்றார் வரதராஜா.

"உங்களிட்டக் கேக்கேல்லை. நொயல், மாதா எங்க?"

"வாறா," என்றான் நொயல். "நான் போய்க் கொண்டு வாறன்." வேறொரு கேள்வி வருவதற்கு முன் படியால் இறங்கிவிட்டான்.

ஆறு மணி அடித்து ஐந்து நிமிடத்தில் பதினாறாம் நம்பர் வந்தது. மேரிறோஸ் இறங்கினாள். வீட்டில் நின்ற உடுப்பு. ஒரு கால் செருப்பின் வார் அறுந்திருந்தது. மாதாவை இடுப்பில், கைப்பிள்ளையை வைத்திருப்பது போல வைத்திருந்தாள். மாதாவின் முடி கொஞ்சம் சரிந்திருந்தது. அதை நிமிர்த்திவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"பிடியுங்கோ. நான் பின் ஒழுங்கையால ஓடிப்போய் வாசல்ல நிக்கிறன். நீங்கள் ஆறுதலா வாங்கோ."

"பிள்ளை, அந்தப் பாக்கிங்…"

"இப்ப வேண்டாம் அண்ண. நேரம் போட்டுது."

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். நொயல் மாதாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். அவளுக்கு நேரம் கொடுப்பதற்காக, எதிர்ப் பக்கம் ஒரு ட்ராம் வந்து, நின்று, போகும் வரை நின்றான். பிறகு நடந்தான். படி ஒவ்வொன்றுக்கும் முழங்கால் ஒரு சொல் சொன்னது.

வாசலில் சனம் விலகி நின்றது. நடுவில் மேரிறோஸ், ஒரு கையில் கொளுத்திய மெழுகுதிரியோடு. மறு கையில் அந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை.

"எங்கயடி போனனீ இவ்வளவு நேரமும்?" என்று அன்ரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கதிரை காணாதெண்டு பின்னால எடுக்கப் போனனான் அன்ரி." அவள் முகத்தில் வேர்வை ஓடியது. கதிரையை வைத்துவிட்டு, நொயலிடமிருந்து மாதாவை இரண்டு கையாலும் வாங்கினாள். அப்போதுதான் முதன்முறை காண்கிறவள் போல, "வாங்கோ அம்மா," என்றாள். மாதாவின் பாதத்தில் நெற்றியைச் சாய்த்தாள். அது மட்டும் நடிப்பில்லை.

மாதாவை மேசையில் வைத்தார்கள். அன்ரி முடியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மெழுகுதிரியைப் பார்த்தார். பிழை பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. கொப்பியைத் திறந்து பதினெட்டுக்கு நேரே அடையாளம் போட்டார்.

"அது சரி நொயல், உன்ர கார் கராஜில எல்லோ? ஆரின்ர காரில வந்தனீ? எங்க விட்டனீ? இங்கதான் பாக்கிங்கே இல்லையே."

 வரதராஜா குசினி வாசலில் கை துடைத்துக்கொண்டு நின்றார். மேரிறோஸ் செபமாலையைக் கையில் எடுத்தபடி தலையைக் குனிந்திருந்தாள்.

"ட்ராமில வந்தனான் அன்ரி," என்றான் நொயல். "பாக்கிங் இருக்கு. பின்னால, இந்த வீட்டுக்கெண்டே ஒரு இடம் கிடக்கு. முதல் வருசமும் இருந்தது. நான் வந்து பார்க்காமல் இல்லையெண்டு சொன்னனான்."

அன்ரி பேனையை மூடினார். "ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"அனோஜுக்காகச் சொன்னது. பிழை."

ரஞ்சினி அவனை ஒரு தரம் பார்த்தாள். யாரோ இருமினார்கள். அன்ரி கொப்பியின் மட்டையைத் தடவிவிட்டு, "சரி, தொடங்குங்கோ. பற்றிஸ் ஆறப் போகுது," என்றார். மேரிறோஸ் தொடங்கினாள். செபமாலையின் ஐந்து பத்தும் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் நொயலைப் பார்க்கவில்லை.

சாப்பிட்டு எல்லோரும் புறப்பட்டபோது அன்ரி படியில் நின்று திரும்பினார். "நாளைக்குக் கிளேட்டன் வீடு. உங்களிட்டக் கார் இல்லை. எப்பிடிக் கொண்டு போவியள்?"

நொயல் வாயைத் திறந்தான். கார் எப்படியும் செவ்வாய்க்கிழமைதான் வரும்.

"ட்ராமிலயும் ரெயினிலயும்தான் அன்ரி," என்றாள் மேரிறோஸ். "மடியில வைச்சுக்கொண்டு போவன்."

அன்ரி கொப்பிப் பையில் கை வைத்தார். நொயலைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார்.